என் மூக்கைப் பற்றிப் பெண் வீட்டில் சொல்லிவிட்டேன்

அன்புள்ள மகனுக்கு,

நீ சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் சொல்லிவிட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் எங்கேயாவது ஒளித்துவைத்துப் பக்குவமாக எடுத்துக் காட்ட எனக்குத் தெம்பில்லை. சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, உட்கார்ந்து படி. கோபம் வந்தால் வரட்டும். ஆனால் பாதியில் மடித்துவைத்துவிட்டு உங்கப்பாவுக்குத் தந்தி கிந்தி அடிக்காதே. அவர் அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். நானும் சுவரைப் பார்த்தே சொம்பை நீட்டுகிறேன். இந்த வயதில் இது ஒரு கூத்து.

தாலி ஏறுகிற வரைக்கும் உன் மூக்கு விஷயத்தை வசந்தா வீட்டில் மூச்சு விடாதே அம்மா, அப்புறம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு எப்படி எழுதுவாய்? இந்த வீட்டில் நீ பார்த்து வளர்ந்தது அதைத்தான். ஆனால் அந்தப் பக்குவத்தை நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. அலுப்பு என்றால் வேலை செய்து வருகிற அலுப்பு இல்லை. அது படுத்தால் போய்விடும். இது படுத்தாலும் கூடவே படுத்துக்கொள்கிறது.

ஆரம்பித்தது எப்படி என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இந்திக்கு எதிராகக் கலாட்டா நடந்து பள்ளிக்கூடங்களை மூடியிருந்த சமயம். நீ எட்டாவது. வீட்டில்தான் இருந்தாய். எனக்குக் காய்ச்சல் வந்து, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். காய்ச்சல் விட்டதும் உங்கப்பா ஆசையாகத் தெருமுனைக் கடையிலிருந்து காப்பி வாங்கிவந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, சுடுதண்ணீரை எதற்கு இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். சண்டைக்கு இழுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் குடித்துப் பார்த்தார், நீ குடித்துப் பார்த்தாய். காப்பி காப்பியாகத்தான் இருந்தது. நீ ஓடிப்போய் ஒரு வெங்காயத்தை நசுக்கிக்கொண்டு வந்து என் மூக்கடியில் பிடித்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. அன்றைக்கு நாம் மூன்று பேரும் சிரித்தோம். நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம்.

சரியாகவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறு ஒன்று ஆரம்பித்தது. அசல் பட்டுதானா என்று பார்க்க ஒரு இழையை நெருப்பில் காட்டுவார்களே, அப்போது முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வருமே, அது. சோற்றில் அந்த வாடை, குழம்பில் அந்த வாடை, தலையில் வைத்த மல்லிகைப் பூவிலும் அதே வாடை. சாப்பிட உட்கார்ந்தால் குமட்டும். எலும்பும் தோலுமாகப் போனேன். பார்க்கிறவர்கள் எல்லாம் முழுகாமல் இருக்கிறாயா என்று கேட்டார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் நரம்பு கெட்டிருக்கிறது, திரும்ப வந்தால் உண்டு, வராவிட்டால் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். ஓரிக்கையில் ஒரு வைத்தியர் மூக்கில் சொட்டு விட்டார், எரிந்தது, அவ்வளவுதான். உங்கப்பா எனக்காகக் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கருகல் வாடையும் போய்விட்டது. அது போன அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறாய். அதற்கப்புறம் ஒன்றுமே வரப்போவதில்லை என்று தெரியாமல் பட்ட சந்தோஷம்.

நாக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உப்பும் புளிப்பும் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. இனிப்பு கசக்கும். மிளகாய் எரியும், ஆனால் அது ருசி இல்லை, சூடு. பாயசமும் கஞ்சியும் எனக்கு ஒன்று. ஒன்று கொஞ்சம் வழுவழு, ஒன்று கொஞ்சம் தண்ணி. தறிக்கு நூலைத் தார் சுற்றுவது போலச் சாப்பாடும் எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. உட்கார வேண்டும், முடிக்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும். பசித்தால்கூட ஆசை வராது. ஒரு தீபாவளியன்று நீங்கள் எல்லோரும் அதிரசத்துக்கு அடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து, இத்தனை சந்தோஷம் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொறாமைதான், வேறென்ன.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன் மகனே. மூக்கு போனவள் உலகத்தில் நான் ஒருத்தி மட்டுமா? தாங்க முடியாமல் போனது அதை மறைத்ததுதான். அது உங்கப்பா எடுத்த முடிவு. அவரைக் குறை சொல்ல முடியாது. முதலாளி நூலும் ஜரிகையும் நம் வீட்டை நம்பிக் கொடுக்கிறார். வீட்டில் இருக்கிற பொம்பளைக்குத் துணி கருகினால்கூடத் தெரியாது என்று கேள்விப்பட்டால் கொடுப்பாரா? அதற்குமேல், ஊர் வாய். காய்ச்சலில் போனது என்று யார் நம்புவார்கள்? உடம்பில் என்னவோ பெரிய வியாதி இருக்கிறது, அதனால்தான் மூக்கு செத்துவிட்டது என்பார்கள். நாளைக்கு உனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அப்போதே கேட்டார். உனக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை.

அப்படித்தான் நம் வீட்டுக்கு ஒரு வழக்கம் வந்தது. வெளியே யாருக்கும் தெரியாத வழக்கம். காலையில் பால், அப்புறம் மாவு, பருப்பு, முந்தின நாள் குழம்பு, எதுவானாலும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான் தறிக்குழி ஓரத்தில் போய் நிற்பேன். உங்கப்பா கையை நிறுத்தாமல் மூக்கை மட்டும் நீட்டுவார். நல்லது என்றால் தலையை ஆட்டுவார், கெட்டது என்றால் உதட்டைப் பிதுக்குவார். அந்த மூக்கை வைத்துத்தான் இந்த வீட்டில் இத்தனை வருஷம் உலை கொதித்தது. அவருக்கும் எத்தனை அலுப்பாக இருந்திருக்கும்! கரையையும் உடலையும் இழை இழையாகக் கோர்க்கிற நேரத்தில்கூட ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. இதை நீ மறக்கக் கூடாது, நானும் மறக்கவில்லை. ஆனால் யாராவது வீட்டுக்குள் வந்துவிட்டால் பாத்திரத்தை நீட்ட முடியாது. அன்றைக்கு நான் குருடிதான்.

கஞ்சிப் பானை உடைந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் விடியலில் வந்து கஞ்சி போடக் காத்திருந்தார்கள். நான் முந்தின நாள் மிச்சத்தையும் புதுக் கஞ்சியோடு கலந்து எடுத்துக்கொண்டு போனேன். மிச்சம் அழுகிப்போயிருந்தது. அந்தக் கஞ்சி பட்டில் ஏறினால் வாடை சேலையை விட்டுப் போகாது. உங்கப்பா எதிரே வந்து பானையை வாங்கினார், வாங்கின கையோடு கீழே போட்டார். எல்லோரும் பதறிவிட்டார்கள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, பானையைத் தூக்க முடியவில்லை, நான் வாங்குவதற்குள் நழுவிவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? வேறு கஞ்சி காய்ச்சி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது, இழைகள் படபடவென்று அறுந்தன.

அன்றிலிருந்து எனக்கு இடுப்புவலி. பக்கத்து வீட்டு நாகம்மா நம் பாவுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சித் தந்தாள், பாவம், இத்தனை வருஷமாக. தண்ணீர்க் குழாயடியில் நிமிர்ந்து நின்றால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று குனிந்து நிற்பேன். நாகம்மா தெலுங்கு நாட்டில் இருக்கிற தன் சொந்த ஊரிலிருந்து தைலம் வரவழைத்து எனக்குத் தேய்த்துவிட்டாள். வாடை ஆளைத் தூக்குது, பொறுத்துக்கோ அக்கா என்றாள். நானும் மூக்கைச் சுளித்துக்கொண்டேன். தெரியாத வாடைக்கு மூக்கைச் சுளிக்கிறவளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? குனிந்து குனிந்து இப்போது நிஜமாகவே இடுப்பு வலிக்கிறது. அதை உங்கப்பாவிடம் சொன்னால் அவரே நம்பமாட்டார்.

இன்னொன்றையும் சொல்கிறேன், ஆம்பளைப் பிள்ளையிடம் சொல்கிற விஷயம் இல்லை என்றாலும். என் உடம்பில் வாடை அடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வெயில் காலத்தில் மூன்று வேளை குளிப்பேன். கல்யாண வீட்டில் யாரையும் ஒட்டி உட்காரமாட்டேன். யாராவது முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தால்கூட என்னால்தானோ என்று நினைத்து எழுந்துபோய்விடுவேன். நீ மெட்ராஸுக்கு வேலைக்குப் போனாயே, அன்று சாயங்காலம் கொடியில் கிடந்த உன் பழைய சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி மட்டும்தான் இருந்தது. காய்ச்சல் வந்ததிலிருந்து நான் அழாத அழுகையை அன்றைக்கு அழுதேன். உங்கப்பா நீ ஊருக்குப் போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து, அடுத்த வாரம் வந்துவிடுவான் என்றார்.

போன தீபாவளிக்கு நீ உன் சித்தப்பா பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூட நாளில் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை ஒரு நாய்க்குப் போடுவேன், சில நாள் அதுவே மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் என்று நீ சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சொன்ன விதம் அப்படி. அப்புறம் பாத்திரம் தேய்க்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் என் பிள்ளை சாயங்காலம் வரைக்கும் பட்டினியாக இருந்திருக்கிறான். சாயங்காலம் வந்து டப்பாவைக் கொடுத்து, நல்லா இருந்துச்சும்மா என்று சொல்லியிருக்கிறான். நீ மட்டுமா? உங்கப்பாவும் அப்படித்தான். உப்பு அள்ளிப் போட்டிருந்தாலும் நல்லா இருக்குது, உப்பே போடாவிட்டாலும் நல்லா இருக்குது. எனக்கு மனசு நோகக் கூடாது என்று செய்தீர்கள். அன்பாகத்தான் செய்தீர்கள். அதனால்தான் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது.

இனி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். வசந்தாவும் அவள் அம்மாவும் பாத்திரக்கடைக்கு வந்தவர்கள், கூறைப்புடவை எதுவரைக்கும் வந்திருக்கிறது பார்க்கலாம் என்று தங்கள் ஊர் முசரவாக்கத்துக்கு பஸ் பிடிக்கிறதற்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சொல்லாமல் வந்ததால் கடையில் எதுவும் வாங்கிவைக்கவில்லை. உங்கப்பா தறியை விட்டு எழுந்திருக்காமலே அரக்குக் கலரையும் கரையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவசரமாகக் கேசரி கிளறினேன். நெய் ஜாடியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் தறிப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டேன். சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஜாடியை முந்தானையில் மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். உங்கப்பாவும் பார்த்தார். அவரால் என்ன செய்ய முடியும்? பெண் வீட்டாரை எதிரே வைத்துக்கொண்டு நெய்யை மோந்து பார்க்கவா முடியும்?

கேசரியைக் கொடுத்தேன். உங்கப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டார், முகம் மாறவில்லை. நல்லா இருக்குது என்றார். சம்பந்தியம்மா இரண்டு வாய் தின்றுவிட்டு, வயிறு சரியில்லை என்று தட்டைக் கீழே வைத்தாள். எனக்கு அப்போதும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றுகூடக் கேட்டேன். வசந்தாதான் தட்டுகளை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். நான் எனக்கு எடுத்துவைத்திருந்ததை வாயில் போடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நெய்யி சிக்கு வாடை அடிக்குது. நீங்க வாயில வைக்காதீங்க" என்றாள், வெளியே கேட்காத குரலில்.

இத்தனை வருஷத்தில் ஒருத்தர், நான் சமைத்தது கெட்டுப்போயிருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல். அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த என்னவோ இறங்கிய மாதிரி இருந்தது. உன் கடிதம் ஞாபகம் வந்தது. உங்கப்பா ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, எனக்கு வாசனையே தெரியாதும்மா என்று. சளியா என்று கேட்டாள். இல்லை, என் பிள்ளை எட்டாவது படிக்கும்போது போனது என்றேன். அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. நெய் ஜாடியைப் பார்த்தாள், கூடத்துப் பக்கம் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்ப கெட்டுப்போச்சின்னா உங்களுக்கு யாரு சொல்றது?"

மகனே, நான் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கிறேன். எப்போது போனது, எந்த டாக்டர் பார்த்தார், திரும்ப வருமா. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. உங்கப்பா மூக்கை நீட்டுகிறார், சரி. ஆனால் தட்டில் போட்டபின் யார் சொல்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை. அந்தப் பெண்ணை அங்கேயே நிறுத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். சம்பந்தியம்மாவிடம், மன்னித்துக்கொள்ளுங்கள், நெய் கெட்டுப்போயிருக்கிறது, எனக்கு வாசனை தெரியாது என்றேன். உங்கப்பா கையிலிருந்த தறி நாடாவைக் கீழே வைத்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை, இரண்டு நாளாகச் சளி பிடித்திருக்கிறது என்று முந்திக்கொண்டு சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"சளி இல்லீங்க. பல வருசமாவே எனக்கு வாசனை தெரியாது, ருசியும் பாதி தெரியாது. இவரு என்னைக் காப்பாத்துறதுக்குச் சொல்றாரு."

சம்பந்தியம்மா எழுந்தாள். நிச்சயம் பண்ணுவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வசந்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் உங்கப்பா பேசியதை எழுதமாட்டேன். இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரு தட்டுக் கேசரியில் கொட்டிவிட்டாய் என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது.

பெண் வீட்டிலிருந்து தகவல் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் மனுஷர் மூலமாக மட்டும், பையனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது வருமா என்று கேட்டிருந்தார்கள். உங்கப்பா போகமாட்டேன் என்றார். நேற்று நானே முசரவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். சம்பந்தியம்மா மரியாதையாக உட்காரவைத்தாள். காய்ச்சலில் போனது, ரத்தத்தில் வருவது இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், உங்கள் எதிரிலேயே கேட்கிறேன் என்றேன். அவள், தன் மாமியாருக்குக் காது கேட்காது, அதோடு இருபது வருஷம் குடித்தனம் பண்ணவில்லையா, மூக்குக்காக நான் சம்பந்தத்தை முறிக்கமாட்டேன் என்றாள். எனக்கு அப்போதே எழுந்து வந்துவிட வேண்டும் போல இருந்தது. நல்ல சேதி கிடைத்ததும் கிளம்பிவிட வேண்டும் இல்லையா?

வசந்தா என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் வரத் தாமதமானது. வெயிலுக்கு ஒதுங்கி நின்றோம். நிச்சயம் ஆனபிறகு நீ இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போய் அவளோடு பேசியிருக்கிறாயாம். என் சமையலைப் பற்றிக்கூடப் பேச்சு வந்ததாம். எங்கம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று நீ சொன்னாயாம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

"அத்தை, அவருக்குத் தெரியும் இல்ல? அவராத்தான் மறைச்சாரா, நீங்க சொல்லவேணான்னு சொன்னீங்களா?"

நான்தான் சொல்லவேண்டாம் என்றேன், அவன் பேரில் தப்பில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. பெற்றவள் வேறென்ன செய்வாள்? அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட நெய்யைக் கெட்டது என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவள். அவளுக்கு நான் நல்லா இருக்குது என்று சொல்ல முடியவில்லை. அவனையே கேட்டுக்கொள் அம்மா என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

"சரி அத்தை. அவரு வந்து உள்ளதைச் சொல்லட்டும், கட்டிக்கிறேன். மூடி மறைச்சா வேணாம். கெட்டுப்போன கேசரியை நல்லா இருக்குதுன்னு தின்னுக்கினு எங்க வீட்டு ஆளுங்க யாரும் இருந்ததில்ல, எனக்கு அது வராது."

பஸ்ஸில் வரும்போது நீ என்ன சொல்வாய் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். உனக்குச் சளி பிடித்தாலும் ஜுரம் வந்தாலும் நீ வாய் திறப்பதற்கு முன்னால் எனக்குத் தெரியும். நீ எந்தக் காய்கறியை ஒதுக்குவாய், யார் பேச்சைக் கேட்பாய், எதற்குக் கோபப்படுவாய், எல்லாம் தெரியும். இது மட்டும் தெரியவில்லை. ஊர் வந்து இறங்குகிற வரைக்கும் தெரியவில்லை. என் பிள்ளை உண்மையைச் சொல்வானா மாட்டானா என்று எனக்குத் தெரியவில்லையே என்று பயந்துபோனேன். மூக்கு போனபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

புத்தி சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டால் அவள் சமைத்தது நன்றாக இருந்தால், எது நன்றாக இருக்கிறது என்று சொல். நன்றாக இல்லாவிட்டால் அன்றைக்கே, அந்த வேளையே, மெதுவாகச் சொல். அவளும் உன்னிடம் அப்படித்தான் இருப்பாள். ஆரம்பத்தில் உனக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ் பிடி. காஞ்சிபுரத்தில் இறங்கி அப்படியே முசரவாக்கம் பஸ் ஏறு. இங்கே வந்து, என்ன சொல்லலாம் என்று உங்கப்பாவிடம் கேட்டுக்கொண்டு போகாதே.

உன் அம்மா